எறும்பு மொய்த்த டப்பா

1947 பிப்ரவரி 12, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடித்தேன். பென்னாகரத்து மிஷன் மருந்துக்கூடத்தைப் பெருக்கி, கட்டுத்துணிகளை வேகவைத்துக் காயப்போட்டேன். என் மனைவி எஸ்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின் இந்த வேலைகளில் எனக்குத் துணை கிடையாது. என் ஜெபத்துக்கு ஆமென் சொல்லவும் இன்னொரு குரல் இல்லை.

பதினோரு மணிக்கு மலைக்காரர் ஒருவர் துணியில் சுற்றிய பெண் குழந்தையோடு வந்தார். பெயர் சடையன். பிரசவத்தில் தாய் இறந்துவிட்டாள். மழை பொய்த்த வருஷம் அது.

"ஆட்டுக்கும் மடி வத்திப்போச்சுங்க, கம்பவுண்டருங்க. தண்ணியத் தொட்டுத்தான் வெச்சேனுங்க. இப்ப அழவும் மாட்டேங்குதுங்க."

பால் தேடித் தெருத் தெருவாகப் போனேன். ஒரு ஆழாக்கும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து தரையில் முழங்கால்படியிட்டேன். "ஆண்டவரே, மருந்து இருக்கிறது, பால் இல்லை" என்றேன்.

"ஆவட்டுங்க" என்றார் சடையன் பின்னாலிருந்து.

ஆமென் என்பதற்கு அதுதான் அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.

சற்று நேரத்தில் தாழ்வாரத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏனுங்க, உங்க ஊரு எறும்பு சுண்ணாம்பு திங்குமுங்களா?"

அங்கே ஒரு பெரிய டப்பா இருந்தது. கடல்கடந்த மெதடிஸ்ட் சபையார் யுத்தத்துக்குப் பிறகு எங்களுக்கு அனுப்பிவந்த உதவிப் பெட்டி ஒன்றில் போன மாதம் வந்தது. உப்புத் தண்ணீரில் மேல்தாள் கரைந்துபோயிருந்தது. நசுங்கிய ஓரத்தில் வெள்ளைத் தூள் சிந்தியதைப் பார்த்து, கிணற்றில் போட முன்பு வந்த பிளீச்சிங் பவுடர்தான் இதுவும் என்று நினைத்து, மருந்துகளை விட்டு விலக்கி வெளியே வைத்திருந்தேன். இப்போது அதில் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

மூடியை நெம்பினேன். பிளீச்சிங் பவுடரின் காட்டமான நெடி இல்லை. நாக்கில் துளி வைத்தேன். பால்!

காய்ச்சிய நீரில் கரைத்து, திரி நனைத்துக் கொடுத்தோம். சாயங்காலம் குழந்தை வீறிட்டு அழுதது. சடையனும் அழுதார். அன்றிரவு குழந்தையோடு தாழ்வாரத்திலேயே படுத்துக்கொண்டார்.

அன்பானவர்களே, யாரோ முகம் தெரியாதவர்கள் அந்த டப்பாவை நிரப்பினார்கள். நான் முழங்காலிடும் முன்பே அது கப்பல் ஏறிவிட்டது. தனிமையில் ஜெபிக்கிறவர்களே, சோர்ந்துபோகாதீர்கள். உங்கள் பதிலும் வழியில் இருக்கலாம். அன்றுமுதல் நான் தனியாக ஜெபிக்கிறேன் என்று எண்ணுவதில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக எஸ்தரின் டம்ளரைத் தேய்த்துக் கழுவி, இரண்டு பேருக்குக் காப்பி போட்டேன்.