சம்பூர்ணத்தின் இரண்டு விசில்

அரியலூர்–பெரம்பலூர் தனியார் பஸ்ஸில் சம்பூர்ணம் பதினோரு வருடமாகக் கண்டக்டர். அவள் இரண்டு விசில் கொடுத்தால்தான் டிரைவர் பெரியசாமி வண்டியை எடுப்பார்.

அன்று அரியலூரில் கிளம்பும் நேரம், பெரியசாமியின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சை விட்டு நகரவில்லை. "வாயுதாம்மா. விசில் குடு," என்றார். அவள் ஊதவில்லை. முதலாளிக்குப் போன் போட்டாள்.

"பெரம்பலூர் வரைக்கும் ஓட்டட்டும், அங்க பாத்துக்கலாம்," என்றார் முதலாளி.

"வழியில உசுரு போனா யாருங்க பாத்துக்குறது? வண்டி போவாது."

"அப்ப நாளைலேருந்து வேலைக்கு வராத!"

"இன்னைலேருந்தே வரலைங்க."

பயணிகளை அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பினாள். பெரியசாமியைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, "ஆஸ்பத்திரிக்கு விடு," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகுதான் விசிலை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்க இரண்டு முறை ஊதினாள்.