ஐ வாண்ட் என்று சொல்லக் கூடாது

பத்து வயதில் எங்கள் வீட்டு ஆங்கிலத்துக்கு நான்தான் போலீஸ். கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஹடப்சரில், அப்பாவின் ஐ.டி. ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு ஒன்பதாவது மாடியில் குடியிருந்தோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தி ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மாவுக்கு ஏறவே இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் கைவசம் இருந்தது, அவ்வளவுதான். ஆட்டோக்காரரிடம் பேரம் பேச முடியாது, பஸ்ஸில் போர்டு படிக்க முடியாது. எங்கே போவதென்றாலும் அப்பாவின் சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். "நான்தான் கூட்டிட்டுப் போறனே" என்பார் அப்பா. சனிக்கிழமை வந்தால் லேப்டாப்பைத் திறந்துவிடுவார்.

ஒரு நாள் அம்மா ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்தாள். அறிவித்தாள் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள். "யாரையும் கேக்காம நம்ம பாட்டுக்குப் போயிட்டு வந்துரலாம் கண்ணு" என்றாள்.

மெயின் ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. அங்கே போய் என்ன பேசுவாய் என்று கேட்டேன். "ஐ வாண்ட் டு லேர்ன் ஸ்கூட்டர்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம்தான் எங்கள் இங்கிலீஷ் மிஸ் 'வாண்ட்' என்ற வினைச்சொல்லைப் போட்டு வறுத்தெடுத்திருந்தார். அதற்கு அர்த்தம் 'வேண்டும்' என்பதுதான். ஆனால் வெளியாட்களிடம் 'ஐ வாண்ட்' என்றால் அதட்டுவதுபோல் இருக்கும், நல்ல வீட்டுப் பிள்ளைகள் 'ஐ வுட் லைக்' என்றுதான் சொல்லுவார்கள் என்பது மிஸ்ஸின் தீர்ப்பு. நான் அதை அப்படியே அம்மாவின் தலையில் இறக்கினேன். வெங்காயம் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் 'ஐ வுட் லைக்' என்று சொல்ல வைத்தேன். நாக்கு பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. அம்மாவும் முகம் கோணாமல் சொன்னாள்.

டிரைவிங் ஸ்கூலில் மணிமணியாகச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. மேசைக்குப் பின்னால் இருந்த முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, சாரை ஒருமுறை வரச் சொல், பேசிக்கொள்ளலாம் என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் போனோம். மறுபடியும் 'ஐ வுட் லைக்'. பெண்களுக்குச் சொல்லித் தருகிற டீச்சர் வேலையை விட்டுவிட்டாராம், அடுத்த மாதம் பார்க்கலாமாம். உன் இங்கிலீஷில் ஒரு தப்பும் இல்லை என்று வழியெல்லாம் அம்மாவுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மாவின் நடை மட்டும் வேகமாக இருந்தது.

அப்புறம் போன அன்று நல்ல மழை. வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றார் முதலாளி, வழக்கம்போல என்னிடம். வண்டி வாசலில்தான் நனைந்துகொண்டு நின்றது! நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஐ வாண்ட் டு லேர்ன்," என்றாள். "டுடே."

என் மானம் கப்பலேறிவிட்டது. துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, 'வுட் லைக், வுட் லைக்' என்று முணுமுணுத்தேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு, அதையே இன்னும் நிதானமாக இன்னொரு தடவை சொன்னாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. முதலாளிக்கு போன் வந்தது, பேசினார், வைத்தார். அம்மா அசையவில்லை. அவர் அப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்து, "ரெய்ன், மேடம்" என்றார். "நோ ப்ராப்ளம்" என்றாள் அம்மா. விட்டால் போதும் என்று அவர் சாவியை எடுத்து, உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த டிரெய்னரைக் கூப்பிட்டார்.

பின்பக்க மைதானத்தில் அம்மா விழுந்தாள். சேற்றில், போட்டிருந்த நல்ல சுடிதாரோடு. ஐயோ என்று நான் ஓடுவதற்குள் எழுந்து வண்டியை நிமிர்த்திவிட்டாள். மறுபடியும் விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்துவிட்டது. இன்றைக்குப் போதும் என்று டிரெய்னர் கையைக் காட்டினார். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மழை விடுகிற நேரத்தில் மைதானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் முன்னால் நிறுத்திவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், கோபமெல்லாம் மறந்து நானும் கை தட்டினேன்.

ஆனாலும் விடுவேனா? அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகப் போட்டுக் கொடுத்தேன். "அப்பா, டிரைவிங் ஸ்கூல் அங்கிள்கிட்ட அம்மா 'ஐ வாண்ட்'னு சொல்லிட்டாங்க! ஸ்கூட்டர் கத்துக்கணும்னு, அதுவும் இன்னைக்கே வேணும்னு!"

விழுந்து விழுந்து சிரிப்பார் என்று பார்த்தேன். ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அம்மாவா சொன்னா?" என்றார். ஆமாம் என்றேன். முழங்கையில் பிளாஸ்திரியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "காபி வேணுங்களா?" என்று கேட்டாள். அப்பா ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மாவின் இங்கிலீஷை நினைத்து அவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு நான் வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டேன். வருடக்கணக்கில் எங்களை எல்லாம் என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், எனக்கு இது வேண்டும் என்று அவரிடம் தமிழில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?