கேப்டனுக்குக் குடும்பம் வந்த வாரம்

பிள்ளைகளே, அப்போது சிடாம் கிரி பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் கரண்ட் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் கார் பேட்டரியில் கருப்பு வெள்ளை டிவி ஓட்டுவார். வாரம் ஒரு நாள் விண்வெளிக் கப்பல் நாடகம் வரும். அதில் வரும் கேப்டன் எதற்கும் அஞ்சாதவன். அவனைப் பிடிக்கும், ஆனால் அவனும் ஒரு மனுசன் என்று நான் நினைத்ததே இல்லை.

உங்கள் அம்மா மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பார்க்கும் நேரம் முடிந்ததென்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"உக்காரு தம்பி, கொஞ்சம் மனசு மாறும்லா," என்று அண்ணன் டிவி முன்னால் உட்காரவைத்தார்.

அன்றைக்குத்தான் கேப்டனுக்குப் பெண்டாட்டி, கைக்குழந்தை இருப்பதைக் காட்டினார்கள். கப்பலில் தீ. கதவை மூடினால் எல்லாரும் பிழைப்பார்கள்; அவள் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்வாள். அவன் கதவை மூடாமல் தயங்கினான்.

"மூடுடா! கல்யாணம் பண்ணதும் தைரியம் போச்சு பாரு இவனுக்கு!" என்று அண்ணன் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

மூடாதே, மூடாதே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அதற்குள் படம் சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

"அவ என்ன ஆனாண்ணே?"

"யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் வேற கதைலா."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பினேன். அம்மா பிழைத்தது உங்களுக்குத் தெரியும். அன்று சைக்கிளை மிதித்த எனக்குத் தெரியாது.