மலை தெரிகிற தூரம்

பஞ்சர் ஒட்டுகிற ‘சொலிஷன்’ வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் பசிக்கும். செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த நைனா, (எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காலையில் முதல் பஞ்சரை ஒட்டி முடித்து, கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு, தெரு நடுவில் வந்து நின்று அண்ணாமலையைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். மலையைப் பார்க்காமல் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அவர் உட்காராமல் அம்மா எங்களுக்குப் போட மாட்டாள். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாருடைய வயிறும் மலையின் கையில்தான் இருந்தது.

மழைக்காலத்தில்தான் வேடிக்கை. ஐப்பசியில் மேகம் இறங்கி மலையை அப்படியே மூடிவிட்டால் நைனா கடைவாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். “ஒனக்குக் கண்ணு நல்லாக் கீதே, உச்சி தெரியுதா பாரும்மா” என்று என்னைக் கூப்பிடுவார். பசி தாங்காமல் ஒருநாள் நான் “தெரியுது நைனா” என்று புளுக, அவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, “இல்லையே, அது மேகம்” என்று மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே அம்மா, “சாமி மூஞ்சியக் காட்டற வரைக்கும் நாமளும் காய வேண்டியதுதான்” என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில்தான் மேகம் விலகியது. அந்த விஷயத்தில் அவர் கணக்கு அவ்வளவு நேர்மையானது.

வாடகைக்குச் சைக்கிள் எடுக்கிற பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று. “மலை தெரியற வரைக்கும் ஓட்டு. மறைஞ்சா திரும்பிடு.” சைக்கிள் காணாமல் போகக் கூடாது என்பதற்காகச் சொன்னாரா, பிள்ளை காணாமல் போகக் கூடாது என்பதற்காகவா என்று நான் கேட்டதில்லை. இந்தச் சட்டத்தால் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சைக்கிள் விடுகிற பழக்கம் வந்துவிட்டது. அப்படிப் பார்த்துக்கொண்டே போய் நான் ஒருமுறை கரும்பு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டேன். அடி ஒன்றும் ஜாஸ்தி இல்லை.

கடையில் நைனாவுக்குத் துணையாக இருந்தவர் அம்மாவின் தம்பி முனிரத்தினம் மாமா. ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் கடையில் சைக்கிள் எடுப்பார். அவர் ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். பனி மூடிய மலை இடுக்கு, அதன் உச்சியில் ஒரு கல்லில் சாய்த்து நிறுத்திய சைக்கிள். அவர் ஊரில் சைக்கிளில் ஏறி, ஓட்ட முடியாத இடத்தில் தள்ளி, தள்ளவும் முடியாத இடத்தில் நடந்து இப்படி ஒவ்வொரு கணவாயாகப் போய்ப் பார்ப்பார்களாம். அன்றைக்குப் பிடித்தது மாமாவுக்குப் பைத்தியம். “நமக்கும் கணவாய் கீதில்ல, செங்கத்துக்கு அந்தாண்ட!” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கத்தில்தான் என் அக்கா ரேணுவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. சிங்காரப்பேட்டையைத் தாண்டிய ஒரு கிராமம். தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் யாரோ நைனாவின் பழக்கத்தைப் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “எங்க ஊர்ல அண்ணாமலை தெரியாதுங்க. கல்யாணத்துக்கு வந்து உங்க வூட்டுக்காரரு கை நனைப்பாருங்களா, மாட்டாருங்களா?” என்று அம்மாவைக் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்தால் அது பெண்ணின் தலையில் எத்தனை வருஷத்துக்கு விடியும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நைனா அசையவில்லை. “ஒரு நாள் பட்டினி கெடந்தா செத்தா பூடுவேன்? தாலி கட்டினதும் வந்துடறேன்” என்றார். அம்மா அழுதாள். அக்கா அழவில்லை. என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், “நீயும் மாமாவும் போய்ப் பாத்துட்டு வாங்க. அந்தப் பக்கம் எங்கனா ஒரு எடத்துலேர்ந்து மலை தெரியுதான்னு பாருங்க. ஒரே ஒரு எடம் போதும்” என்றாள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை சில்லென்று இருந்தது. அதுவரை அக்கா என்னிடம் எதையும் கேட்டதில்லை, ஜடை பின்னும்போது “ஆடாதே” என்று சொன்னதைத் தவிர.

செங்கத்து உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மாமாவுக்குப் பெரிய சைக்கிள், எனக்குக் கடையில் இருந்த சின்னது. செங்கத்தில் அத்தை வீட்டில் தங்கி, மறுநாள் கணவாய்ப் பாதையில் ஏறினோம். அதுவரை முதுகுக்குப் பின்னால் சமர்த்தாக வந்துகொண்டிருந்த அண்ணாமலை, பாதை ஒரு வளைவு திரும்பியதும் பொசுக்கென்று மறைந்துவிட்டது. நைனாவின் சட்டப்படி நாங்கள் அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். நான் பிரேக்கைப் பிடித்து நின்றேன். “ஒசரத்துக்குப் போனா மறுபடியும் தெரியும், வா” என்றார் மாமா. சைக்கிள்களை ஒரு புளியமரத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னக் குன்று குறுக்கிட, பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசாமல் குன்று வலதுகைப் பக்கம் இருக்கிற மாதிரியான பாதையில் நடந்தோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போன கால்கள் அல்லவா? வெயிலில் வியர்க்க விறுவிறுக்க நடந்து கடைசியில் பார்த்தால், எதிரே அதே புளியமரம், அதே இரண்டு சைக்கிள்கள். ஊர் பேர் தெரியாத குன்றுக்கு ஒரு முழு வலம் வந்து முடித்திருந்தோம். மாமா தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடிப்போயின.

இரண்டாம் முறை மனசைக் கல்லாக்கிக்கொண்டு குன்றை இடதுகைப் பக்கம் விட்டு, நடுவில் மேலே பிரிந்த தடத்தில் ஏறினோம். மத்தியானம் திரும்புகிற நேரத்தில், கணவாய்க்கு மேலே, யானை படுத்திருப்பது போன்ற ஒரு பாறைமேல் போய் நின்றோம். மேற்கே அக்கா வாழப்போகிற பக்கம், ராகிக் கொல்லைகளும் ஓட்டு வீடுகளும். கிழக்கே, அடுக்கடுக்கான குன்றுகளுக்கும் அந்தாண்ட, கட்டைவிரல் நகம் அளவுக்கு நீலமாக எங்கள் மலை. என் வாழ்க்கையில் அத்தனை சின்னதாக நான் அதைப் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது. மாமா அந்த போட்டோவில் இருந்ததுபோல் சைக்கிளை ஒரு கல்லில் சாய்க்க முடியவில்லையே என்றுதான் வருத்தப்பட்டார்.

செய்தி கேட்டு அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நைனா, சட்டத்தை மீறியதற்காக எங்கள் இரண்டு பேரையும் திட்டி முடித்துவிட்டு, “காலையில அங்க போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தா, அப்பறம் சாப்பிடறதுக்கு இன்னா?” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அம்மா முகம் மலர்ந்தது.

ஆனால் நாங்கள் பார்த்தது மத்தியான வெயிலில். முகூர்த்தம் தை மாதக் காலையில். எங்கள் மூளைக்கு அது எட்டவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் நைனாவும் மாமாவும் நானும் கிராமத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி, மேட்டில் தள்ளி, பிறகு நடந்து பாறைக்கு வந்து சேர்ந்தபோது கிழக்குப் பக்கம் முழுவதும் பனி. குன்று இல்லை, மரம் இல்லை, பால் கொதித்துப் பொங்கினமாதிரி வெள்ளையாக இருந்தது. காத்திருந்தோம். சூரியன் ஒரு மஞ்சள் கறையாக மேலே வந்தது. பனி மட்டும் கலையவில்லை. கீழே கிராமத்தில் மேளம் ஆரம்பித்துவிட்டது. நாதஸ்வரம் அந்த மேடு வரைக்கும் ஏறி வந்தது. நைனா என்னைப் பார்த்தார்.

“ஒனக்குத் தெரியுதாம்மா?”

இந்த முறை புளுக எனக்குத் தைரியம் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கிழக்கே பார்த்தார். மேளம் இன்னும் பலமாகக் கேட்டது. திடீரென்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தெரியுது” என்றார். “வா, போலாம். ரேணு காத்துக்கினு இருப்பா.”

நான் இன்னொருமுறை பார்த்தேன். பனியைத் தவிர ஒன்றும் இல்லை. இறக்கத்தில் எங்கள் மூன்று பேருடைய சைக்கிள்களும் பறந்தன. தாலி கட்டி முடிந்து முதல் பந்தியில் நைனா இலைக்கு முன் உட்கார்ந்து, சம்பந்தியம்மாள் கையாலேயே இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். மணவறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைகிறது.

அதற்குப் பிறகு நைனா அடிக்கடி அக்கா வீட்டுக்குப் போனார், தங்கினார். பாறை வரைக்கும்கூடப் போக மாட்டார். அக்கா வீட்டு வாசலிலேயே கிழக்கே பார்த்து நின்று, எதிரில் கணவாய்க் குன்றுகள் மதில்போல் நிற்க, “தெரியுது” என்று கும்பிட்டுவிட்டுக் கூழ் குடிக்க உட்காருவார். “எங்க சம்பந்திக்குக் கழுகுக் கண்ணு” என்று அந்த அம்மாள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள். பெரியவளான பிறகு ஒருநாள் கடையில் வைத்து அவரைக் கேட்டேன்: “அன்னிக்கி நெஜமாத் தெரிஞ்சுதா நைனா?” அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே, “ஒனக்குத் தெரியலையா?” என்று என்னையே கேட்டுவிட்டு, குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்தார்.

இப்போது கணவாயில் பஸ்கள் நொடியில் ஏறி இறங்குகின்றன. அந்த யானைப் பாறையை ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. நைனா இல்லை, மாமாவும் இல்லை. அக்கா மட்டும் கணவாய்க்கு அந்தப் பக்கம், பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். நான் இருப்பது அதே பழைய வீடுதான், ஆனால் எதிரே அடுக்கடுக்காக லாட்ஜ்கள் எழும்பி, அண்ணாமலையின் அடியிலேயே இருக்கிற எங்கள் வாசலிலிருந்து மலை மறைந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. காலையில் எழுந்து வாசலுக்கு வருகிறேன். வெள்ளையடித்த அந்த லாட்ஜ் சுவரைப் பார்த்துக் கையைக் கூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தெரியுது” என்று சொல்லிவிட்டுத்தான் காபியைக் கையில் எடுக்கிறேன்.