இடது ஓரத்தில் ஓடியவன்

கல்லூரி மைதானத்தின் இடது ஓரத்தில் அந்த வருடம் புல்லே இல்லை. எல்லைக்கோட்டை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண் தேய்ந்து கிடந்தது. ஒரே ஒருவனின் கால் செய்த வேலை அது. லெஃப்ட் என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். என் வகுப்புத் தோழன், செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டியவரின் மகன். ஓட்டத்தில் அவனைப் பிடிக்க எங்கள் கல்லூரியில் ஆள் கிடையாது.

அதுவரை நாங்கள் பந்து போகிற பக்கமெல்லாம் பத்துப் பேரும் மொய்க்கிற ஃபுட்பால் டீம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவல பஸ்களை நிறுத்த மைதானத்தைக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் டயர் தடத்தில் தடுக்கி விழுவதே எங்கள் பயிற்சி. புதிதாக வந்த பி.டி. சார்தான் எங்களைப் பிரித்து நிறுத்தினார். மைதானத்தின் அகலம் முழுக்கப் பரவி நில்லுங்கள், எதிராளியும் பரவுவான், நடுவில் வழி கிடைக்கும் என்றார். நடுவில் நின்றவன் நான்.

லெஃப்ட் வராத ஒரு சாயங்காலம் சார் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "மொதல் பத்து நிமிஷத்துல அவனுக்கு ரெண்டு பந்து கொடுங்க. வேகத்தப் பாத்து ரெண்டு பேரு அவன்கூட ஒட்டிக்குவானுங்க. அப்புறம் ஒண்ணுகூட கொடுக்காதீங்க. அவன்கிட்ட சொல்லிடாதீங்கடா. தெரிஞ்சா நடிப்பான். தெரியாம ஓடினாத்தான் அவனுங்க நம்புவானுங்க." எல்லாரும் சிரித்தோம். வெட்கமில்லாமல் நானும்தான் சிரித்தேன்.

சீசன் முழுக்க ஜெயித்தோம். கையைத் தூக்கிக்கொண்டு, "மச்சான், இங்க, இங்க" என்று கத்தியபடி அவன் ஓடுவான். பந்து வராது. மேட்ச் முடிந்ததும், "நான் லேட்டா ஓடுறனா மச்சான்?" என்று என்னிடமே வந்து கேட்பான். கொஞ்சம் லேட்டுதான் என்பேன். மறுநாள் காலையில் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டரையும் ஓடிவிட்டு வகுப்புக்கு வருவான். யுனிவர்சிட்டி டீமில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வாங்கலாம். அவன் வீட்டில் அதை நம்பித்தான் அவனைப் படிக்க வைத்தார்கள்.

ஃபைனலுக்கு யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பவர் வந்திருந்தார். ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிராளிகள் எல்லாரும் என் மேல் வந்து விழ, லெஃப்ட் கோலுக்கு முன்னால் தனியாக நின்றான். தட்டிவிட்டால் போதும். பார்த்தேன், கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சார் சொன்னது அப்போது ஞாபகத்திலேயே இல்லை. ஆள் எடுக்க வந்தவர் கையிலிருந்த நோட்டுதான் ஞாபகத்தில் இருந்தது. நானே அடித்தேன், கோல் விழுந்தது. ஓடி வந்து என்னை முதலில் தூக்கியவன் அவன்தான்.

இன்று வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில், அதே விளையாட்டு ஒதுக்கீட்டில், எனக்கு நாற்காலி இருக்கிறது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவசரமாக ஏறிய ஆட்டோவை அவன்தான் ஓட்டினான். வழியெல்லாம் பழைய மேட்ச்களைப் பேசிக்கொண்டு வந்தான். அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். "உண்மையச் சொல்லு மச்சான். எங்கிட்ட இன்னா கொற?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். "பந்து உன் கால்ல நிக்காதுடா" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று தலையாட்டினான். "எம் பொண்ணு ஸ்கூல்ல ஃபுட்பால் சேரணும்னு ஒரே அழுகை. என்னாட்டமே ஓடுறா. எங்காலுதான அவளுக்கும் வந்திருக்கும், வேணாம்னுட்டேன். கரெக்டுதான?"

"கரெக்டுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.