மழிக்காத முகம்

சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்த மறுநாள் காலை, முகம் நிறைய நுரையைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ரேஸரை எடுத்த கை கன்னத்துக்குப் போகவில்லை. நுரை காய்ந்து தோலை இழுக்க ஆரம்பித்ததும் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

"இந்த தடவை வேண்டாம்னுதானே பேசிண்டோம்?"

பேசியது உண்மைதான். எங்கள் ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களில் மனைவி உண்டாகியிருந்தால் குழந்தை பிறக்கிறவரை கணவன் முகம் மழிக்கக்கூடாது. போன தடவை ஊரறியத் தாடி வளர்த்தேன். நாலாம் மாதம் எல்லாம் கலைந்துபோனது. சலூனில் தாடியை எடுத்துவிட்டு உத்தர வீதியில் நடந்து வந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முகமே சொல்லிவிட்டது. அதனால் இந்த முறை நாலாம் மாத ஸ்கேன் முடிகிறவரை யாருக்கும் சொல்வதில்லை, தாடியும் கிடையாது என்று முடிவு செய்திருந்தோம். எனக்கு இந்த சாஸ்திரத்தில் நம்பிக்கை இல்லை. நம்பாத ஒன்றுக்கு இவ்வளவு பயப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோல் அலர்ஜி, டாக்டர் ஷேவ் பண்ணக்கூடாது என்கிறார் என்று அபார்ட்மென்ட்டில் சொல்லிவைத்தேன். கோயிலில் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்களே என்று அங்கே போவதையும் விட்டேன்.

தென்னூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. பயம் வந்தால் சொற்களை நோண்டுகிற புத்தியும் கூடவே வந்துவிடும். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோதெல்லாம் போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டேன். மீசை சுலபம். 'மீ' என்றால் மேல், உதட்டுக்கு மேலே இருப்பது மீசை என்பார்கள். தாடியில்தான் தகராறு. தாடையில் முளைப்பதால் தாடி என்பது ஒரு கட்சி, வடக்கேயிருந்து வந்த சொல் என்பது இன்னொரு கட்சி. அரும்பு மீசை பூச்செடி தந்த பெயர். காதோரம் இறங்கும் கிருதா எங்கே பிறந்ததோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. என் முகத்தில் இருந்ததற்கு எங்கள் வீடுகளில் தனிப்பெயர் உண்டு, தீக்ஷை. விரதம் ஏற்பதைக் குறிக்கிற சொல் அது. போகப் போக விரதத்துக்காக வளர்த்த தாடியே தீக்ஷை ஆகிவிட்டது. பெற்றவர் போனால் பிள்ளை வருஷம் முடிகிறவரை வளர்ப்பதும் தீக்ஷைதான்.

"வரவுக்கும் போக்குக்கும் ஒரே தாடியா? நன்னா இருக்கு" என்று மனைவி சிரித்தாள். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு தோசையைத் திருப்பப் போனாள்.

ஸ்கேனுக்கு முதல் நாள் சாயங்காலம் எதிர் ஃப்ளாட் மாமி வந்தார். மனைவி "வாங்கோ" என்றதற்குப் பதில் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்பா திருநாட்டுக்கு எழுந்தருளிட்டார்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்க என்ன அந்நியமா?"

பெங்களூரில் அண்ணா வீட்டில் இருக்கும் என் அப்பா செத்துப்போய்விட்டதாக மாமி நினைத்துவிட்டார். வருஷம் தவறாமல் வைகுண்ட ஏகாதசிக்கு வருகிறவர் இந்த வருஷம் முழங்கால் வலியால் வரவில்லை. பிள்ளையோ தாடியும் மீசையுமாகத் திரிகிறான், கோயில் பக்கம் தலைகாட்டுவதில்லை. மாமி கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். நான் ஒளித்ததெல்லாம் சேர்ந்து அப்பாவைக் கொன்றுவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாளைக்கு ஸ்கேனை வைத்துக்கொண்டு இன்றைக்கா இந்த வாசலில் துக்கம் விசாரிக்க வேண்டும்?

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல மாமி. இது அலர்ஜி..." நாக்கு குழறியது.

"மனச தேத்திக்கோப்பா" என்றார் மாமி.

மனைவி எனக்கு முன்னால் வந்து நின்றாள். "மாமி, மாமனார் சௌக்கியமா இருக்கார். நான் உண்டாயிருக்கேன். இது அதுக்கு வளர்க்கற தீக்ஷை."

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அபசாரம், அபசாரம்" என்று தன் வீட்டுக்கு ஓடிப்போய், குங்குமச் சிமிழும் பூவுமாகத் திரும்பி வந்தார். மனைவிக்குப் பூ வைத்துவிட்டுக் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். போன தடவை நடந்தது அவருக்கும் தெரியும்.

கதவைச் சாத்தியதும் கேட்டேன். "ஏன் சொன்னே? இன்னும் ஒரு நாள்தானே?"

"துக்கம் கேட்டுட்டுப் போன வாசலா இது இருக்கப்படாது." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் பயம்தான், உதடு வெளுத்திருந்தது. பிறகு என் தாடியைப் பார்த்தாள். "போன தடவை நீங்க மட்டும் தனியா போய் எடுத்துண்டு வந்தேள். இந்த தடவை எப்போ எடுக்கணும்னாலும், எதுக்காக எடுக்கணும்னாலும், நான்தான் எடுத்து விடுவேன்."

சரி என்றேன்.

ஆடி மாதம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு அவள்தான் எடுத்துவிட்டாள். "ஆடாதீங்கோ" என்று என்னை அதட்டினாளே தவிர, ஆடியது அவள் கைதான். ஒரு கன்னம் முடிந்திருந்தது. தூளியில் குழந்தை வீறிட்டது. அவள் ரேஸரோடும் நான் பாதித் தாடியோடும் எழுந்து ஓடினோம்.