கதவோரத்து மங்கல்

என் கல்யாண வீடியோவில் அம்மா இருக்கிறாள். அவள் முகம்தான் இல்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கித்தான் அம்மா என்னை வளர்த்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வருவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வராதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அவளும் வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே ஒதுங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் நான் பெரிய சண்டை போட்டேன்.

“நீ வராட்டி நான் மணையில உக்கார மாட்டேன், பாத்துக்க.”

“கிறுக்காட்டம் பேசாத சாமி. மேடைக்குப் பொறவால பொண்ணு ரூம் கதவு இருக்குதல்ல, அங்கதான் நிப்பேன். எனக்கு எல்லாந் தெரியும்.”

“எனக்கு நீ தெரிய மாட்டியே?”

“அதான் வீடியோ எடுக்கறாங்கல்ல. அப்பறமாப் பாத்துக்க.”

வீடியோ விஷயத்தில் எனக்குக் கொள்ளை ஆசை. கூட வேலை பார்த்தவளின் கல்யாண வீடியோவில் அவள் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. பின்னால் எரிந்த சீரியல் பல்பெல்லாம் உருகி வட்டம் வட்டமாக மிதந்தன. அதே மாதிரி சினிமாவாட்டம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஃபுல் ஃப்ரேம் கேமராவோடு வந்து எடுத்துக் கொடுத்தார்.

கெட்டிமேளம் கொட்டியபோது நான் தலை குனிந்திருந்தேன். நாலு பக்கமிருந்தும் மஞ்சள் அரிசி தலையில் விழுந்தது. கல்யாணப் பெண் அப்போது திரும்பிப் பார்க்க முடியுமா? எல்லாம் முடிந்து பந்திப் பக்கம் அம்மாவைப் பிடித்தேன்.

“அரிசி போட்டியாம்மா?”

“நான் எதுக்குங் கண்ணு? அதான் ஊரே போட்டாங்கல்ல.”

“அழுதியா?”

“போடி. பந்தியப் பாக்கறதா, அழுவறதா?”

போன ஆடியில் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழவேயில்லை. காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகுதான் அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். அதில் என் கண்ணிமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். என் தோளுக்குப் பின்னால் வெந்தயக் கலரில் ஒரு திட்டு. அது அம்மாவின் சேலை. அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீரில் கரைத்த மாவு மாதிரி ஏதோ இருந்தது. தாலி ஏறும்போது அது லேசாக அசைந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா? அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே போய், அந்த முகத்தைத் தெளிவாக்கித் தரும்படி தம்பியிடம் கேட்டேன்.

“முடியாதுங்கக்கா. கேமராவுக்குள்ள படம் விழற சென்சாரு இதுல பெருசுங்க. அதுக்கேத்த லென்சப் போட்டு, அதையும் முழுசாத் தொறந்து வெச்சு உங்களக் கிட்டக்கப் புடிச்சா, தெளிவு ஒரு சாண் ஆழந்தான் நிக்கும். உங்க கண்ணு தெளிஞ்சா ஜடையே மங்கிரும். பொறவால நிக்கறவங்க கரைஞ்சுதான் போவாங்க.”

“எங்கம்மாவக் கரைக்கச் சொல்லியா கேட்டேன்?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் எதையெதையோ தட்டினார். மங்கலைத் தெளிவாக்கும் ஆப்பாம். கொஞ்ச நேரத்தில் கதவோரம் ஒரு முகம் வந்தது. நெற்றியில் வட்டமாகப் பொட்டு.

“இது ஆருங்க தம்பி?”

“அதுவாவே ஒரு மொகத்த வரையுதுங்கக்கா. நெசமில்லீங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் அந்தப் பொம்பளையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பா இருந்திருந்தால் அம்மா இப்படித்தான் பொட்டு வைத்திருப்பாள். கதவோரத்தில் நின்றிருக்க மாட்டாள், மேடையில் என் பக்கத்தில் நின்றிருப்பாள்.

“அழிச்சிருங்க தம்பி” என்றேன்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: “ஆராச்சும் சாதா செல்போன்ல எடுத்திருப்பாங்க, கேட்டுப் பாருங்க. அதுல சென்சாரு சுண்டுவெரல் நகத்தளவு கூட இருக்காதுங்க, லென்சும் பொடுசு. அதனால முன்னால இருக்கறது, பின்னால இருக்கறது எல்லாம் ஒண்ணாத் தெரியும். சினிமாவாட்டம் இருக்காது. ஆனா எல்லாரும் இருப்பாங்க.”

சொந்தத்தில் ஒருவர் விடாமல் கேட்டேன். ஒருத்தர் என் முகத்துக்கே ஜூம் போட்டிருந்தார். மெமரி நிறைந்துவிட்டது என்று அழித்தவர்கள் பாதிப் பேர். சித்தி செல்ஃபி மட்டும்தான் எடுத்தாளாம். கடைசியில் அம்மாவோடு பண்ணையில் முட்டை பொறுக்கிய அக்காவிடம் போனேன்.

“எடுத்தேன் அம்மணி. கண்றாவியா இருக்குதுன்னு ஆருக்கும் காட்டல” என்றபடி போனைத் துடைத்துக் கொடுத்தாள்.

கண்றாவிதான். ஓரத்தில் அவள் விரல் மறைக்கிறது, கலர் வெளுத்திருக்கிறது, மேடை சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. ஆனால் முன்வரிசைத் தலைகள், ஐயர் முதுகு, நாங்கள், எங்களுக்குப் பின்னால் அந்தக் கதவு, எல்லாமே ஒரே தெளிவு. கதவில் அம்மா. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினேன். வெறும் நெற்றியோடு என் அம்மா.

மேளம் உச்சத்துக்குப் போகிறது. அம்மா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்கிறாள். சேலை மடிப்பிலிருந்து கையை எடுக்கிறாள். என்னைப் பார்த்து வீசுகிறாள். மஞ்சளாக ஏதோ சிதறி, என் முதுகுக்குப் பின்னால் ஜமுக்காளத்தில் விழுகிறது. எட்டவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, திருடிவிட்டுத் தப்பித்த பிள்ளை மாதிரி சிரிக்கிறாள்.

அடி கள்ளி! ‘நான் எதுக்குங் கண்ணு’ என்றாயே!

அந்த அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்தத் துண்டு வீடியோ இப்போது என் போனில் இருக்கிறது. சமையல் முடிந்து உட்கார்ந்தால் அதைத்தான் பார்க்கிறேன். அரிசி விழுகிற இடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஒரு சாண் தூரம்கூட இருக்காது. நான் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் என் தலையில் விழுந்திருக்கும்.